முகவரியைப் புள்ளியாக்க: நாமினேட்டிமா, கூகுளா, ஃபோட்டானா?

பைத்தான் நிரல்மொழியில் முகவரியைக் கொடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்க வேண்டுமென்றால் பலருடைய கை முதலில் போவது ஜியோபை என்ற நூலகத்துக்குத்தான் (ஆயத்த நிரல் தொகுப்பு). ஆனால் ஜியோபைக்குத் தனியாக ஒரு தெருகூடத் தெரியாது. அது தூது போகிறது. பதில் சொல்வது பின்னால் இருக்கும் சேவை. எனவே அலச வேண்டியது நாமினேட்டிம், கூகுள், ஃபோட்டான் என்ற அந்தச் சேவைகளை.

தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுவது நாமினேட்டிம். கட்டணம் கிடையாது, ஏபிஐ கீயும் (சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் அடையாளச் சாவி) வேண்டாம். பொதுச் சர்வரில் வினாடிக்கு 1 கோரிக்கைதான் உச்சம். உங்கள் செயலியைக் காட்டும் யூசர் ஏஜென்ட் பெயரும் கொடுக்க வேண்டும். கோரிக்கைகளுக்கு நடுவே இடைவெளி விட ஜியோபையில் இருக்கும் ரேட்லிமிட்டரில் அந்த இடைவெளியை 1 வினாடி என்று வைத்துவிட்டால் 5,000 முகவரிகள் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூலத்தைக் குறிப்பிட்டு, உரிம விதிகளுக்கு உட்பட்டு, கிடைத்த புள்ளிகளை நிரந்தரமாகச் சேமித்துக்கொள்ளலாம். நாமினேட்டிமைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுதான் பெரிய காரணம்.

எழுத்துப்பிழையை அது பொறுக்காது என்பது குறை. 'இரண்டாம் மாடி', 'வங்கிக்கு எதிரில்' என்று ஒரு சொல் கூடினாலே வெறுங்கையோடு திரும்பி வரலாம். அவற்றை வெட்டிவிட்டு, கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு என்று சுருக்கிக் கேட்டால் அதே முகவரி கிடைத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூகுள் ஜியோகோடிங் இந்த அலங்கோலங்களை நன்றாகவே சமாளிக்கும். கீ வேண்டும், பில்லிங் கணக்கு வேண்டும். பொதுவான விதிமுறைப்படி புள்ளிகளை 30 நாள் வரைதான் சேமித்து வைக்கலாம். ஓர் இடத்துக்குக் கூகுள் தரும் அடையாளக் குறியான பிளேஸ் ஐடியை மட்டும் காலவரம்பின்றி வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பட்டியலை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதைத் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

ஆனாலும் கூகுளிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தன் பதில் எவ்வளவு துல்லியம் என்று அதுவே சொல்லிவிடுவது. லொகேஷன் டைப் என்ற புலத்தில் நான்கு தரங்கள்: ரூஃப்டாப் என்றால் அந்தக் கட்டடமே, ரேஞ்ச் இன்டர்போலேட்டட் என்றால் தெருச் சந்திப்புகள் போன்ற இரண்டு துல்லியமான புள்ளிகளுக்கு நடுவே கணக்கிட்ட இடம், ஜியோமெட்ரிக் சென்டர் என்றால் தெரு அல்லது பகுதியின் நடுப்புள்ளி, அப்ராக்ஸிமேட் என்றால் தோராயம். நாமினேட்டிமிலும் மூலப் பதிலைத் திறந்தால் கிடைத்தது வீடா, தெருவா, ஊரா என்ற வகை இருக்கும். ஜியோபையில் அது ரா என்ற பண்புக்குள் இருப்பதால் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

நானும் ஒருமுறை பார்க்கவில்லை. 800 வரிப் பட்டியலில் ஒரு வரிகூடக் காலியில்லை என்று நிம்மதியாக இருந்தேன். வரைபடத்தில் போட்டபோது ஒரே இடத்தில் 60 ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி நின்றன. தெரு கிடைக்காத முகவரிகளுக்கெல்லாம் ஊரின் நடுப்புள்ளி வந்திருந்தது. வகையைச் சேமிக்காததால் எவை நல்லவை என்று பிரிக்க முடியாமல் முழுப் பட்டியலையும் மறுபடி ஓட்டினேன். இப்போதெல்லாம் ஒரே புள்ளி எத்தனை வரிகளில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஃபோட்டானும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுதான். தட்டச்சு செய்யச் செய்யப் பரிந்துரை காட்டும் தேடல் பெட்டிக்கு அருமை; நாமினேட்டிமின் பொதுச் சர்வரில் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதியே இல்லை. ஃபோட்டான் பிழையைப் பொறுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பதிலைத் தரப் பார்க்கும் என்பதால், மனிதக் கண் படாத மொத்த வேலைக்கு அதை நான் தருவதில்லை.

முகவரிகள் வெளியே போகவே கூடாதென்றால் நாமினேட்டிமைச் சொந்தச் சர்வரில் நிறுவலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், அதில் இட விவரங்களைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியும் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். உலகம் முழுவதும் ஏற்றினால் 1 டெராபைட் அளவுக்கு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) கேட்கும். ஒரு நாட்டின் தரவு மட்டுமென்றால் பாரம் வெகுவாகக் குறையும்.

என் வழக்கம்: முதல் சுற்று நாமினேட்டிம். வீடு அல்லது தெரு அளவில் வந்தவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கூகுளுக்கு அனுப்புவேன். எந்தச் சேவை, எந்தத் தரம், எந்தத் தேதி என்று பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் கூடவே இருக்கும். 30 நாள் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.