ஸ்வேடின் இரு ஆல்பங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

லண்டனின் ஸ்வேட் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க வருபவர், 1994இன் 'டாக் மேன் ஸ்டார்' ஆல்பத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, 1996இன் 'கமிங் அப்' ஆல்பத்திலிருந்து தொடங்குவதே நல்லது. முன்னது, ஒலிப்பதிவு முடியும் முன்பே கிதார் கலைஞர் பெர்னார்ட் பட்லர் விலகிவிடும் அளவுக்குப் பூசல் முற்றிய சூழலில் உருவானது. அதன் இறுதிப் பாடலான 'ஸ்டில் லைஃப்' முழு ஆர்கெஸ்ட்ராவோடு பெருகி முடிகிறது. பின்னதிலோ, 17 வயதில் குழுவில் சேர்ந்த ரிச்சர்ட் ஓக்ஸ், பகட்டான உடையும் ஒப்பனையுமாக மேடையேறிய 1970களின் கிளாம் ராக் பாணியை, குறிப்பாக டி. ரெக்ஸ் குழுவை நினைவூட்டும் துள்ளலான கிதார் இசையைத் தருகிறார்; 'டிராஷ்' பாடலின் பல்லவி ஒருமுறை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் இந்த ஆல்பமே. இரண்டையும் தயாரித்தவர் எட் புல்லர் ஒருவரே என்பதுதான் வியப்பு. ஆனாலும் நள்ளிரவில் ஹெட்போனை மாட்டினால் என் கை போவது பழையதை நோக்கித்தான்.