தண்டையார்பேட்டையில் கட்டைவிரலுக்கு பிசியோதெரபி

இங்கிலாந்தில் என் கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டைப் பார்த்துத் தேய்மானம் என்றார்கள். பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாளையும் கொடுத்தார்கள். தாளில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் படத்தைப் பார்த்துப் புரிகிற சங்கதியா?

இந்த முறை தண்டையார்பேட்டையில் அண்ணன் வீட்டில் தங்கினேன். "கைக்குன்னா ஸ்டான்லிக்குப் போம்மா" என்றார் அண்ணி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பற்றி வடசென்னையில் இது சகஜமான பேச்சு. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களிலேயே அங்கே கை அறுவைக்கென்று தனிப் பிரிவை வளர்த்தெடுத்தவர். எனக்கு அறுவை தேவைப்படாது என்று தெரிந்ததால், அங்கிருக்கும் கூட்டத்தில் நானும் ஏன் என்று ராயபுரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே அன்றைக்கே கிடைத்தது. காலையில் எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது என்பதுதான் அவர் முதலில் கேட்டது. அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம்தான். அதற்கு மேல் வெகு நேரம் இழுத்தால் முடக்குவாதமா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபிக்கு முதலில் போன இடத்தில் கரன்ட் வைத்தார்கள், மெழுகில் கையை முக்கி எடுத்தார்கள், பில் போட்டார்கள். கட்டைவிரலை ஒருவரும் தொடவே இல்லை. மெழுகுச் சூடு இதமாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் வலியும் வந்துவிடும்.

அப்புறம் அண்ணிக்குத் தெரிந்த இன்னொரு இடம். மெடிக்கல் ஷாப் மாடியில் ஒரே அறை, சிட்டிங்குக்கு 400 ரூபாய். அந்தப் பெண் என் மணிக்கட்டோரம் உள்ள சின்ன எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டார். மறு கையால் கட்டைவிரலை அதன் நீளவாக்கிலேயே மெல்ல இழுத்து, அந்த இழுப்பை விடாமல் மூட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை அமுக்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. "இங்க இறுகிக் கெடக்கு ஆன்ட்டி, அதான் விரலை உள்ளே இழுக்குது" என்றார்.

பயிற்சி இரண்டே இரண்டு. டம்ளரைப் பிடிப்பது மாதிரி கட்டைவிரலை வளைத்து விரிப்பது ஒன்று. ஆள்காட்டி விரலில் ரப்பர் பேண்ட் மாட்டி, கட்டைவிரல் பக்கமாகத் தள்ளுவது மற்றொன்று. விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விழும் என்றும் சொன்னார். தேங்காய் துருவும்போதும் துணி பிழியும்போதும் ஏன் உயிர் போகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

பக்கத்து நாற்காலியில் காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அம்மா. "வஞ்சிரம் வெட்டுறப்ப உசுரே போவுது" என்றார். தொழிலை விடுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கச் சொன்னார்கள். அடுத்த முறை கத்தியையே கொண்டுவந்து காட்டினார்.

எனக்கு வலி நன்றாகக் குறைந்தது. பாட்டில் மூடி திறக்கும் பலம் பழையபடிதான். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் இதே மூட்டுக்கு 12 சிட்டிங் கைச் சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோதும் முடிவு ஏறக்குறைய இதுதான்: வலி குறைந்தது, பிடிமானம் பெரிதாக மாறவில்லை. எலும்பு புடைத்திருப்பதும் கரையாது. அது கரையும் என்று சொல்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையை வாங்கச் சொல்லி சித்தப்பா விடாமல் நச்சரித்தார். அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதல், மூட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கட்டைவிரல் பட்டையை (ஸ்பிளின்ட்) உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பட்டை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், போட்டுப் பார்த்து வாங்குங்கள். அளவு பெரிதாக இருந்தால் மூட்டு அதற்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

மாடி ஏற முடியாத அப்பா அம்மா ஊரில் இருந்தால், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.