வெண்ணெய்னு சொல்லி வனஸ்பதியைக் கட்டிக் கொடுத்துட்டாங்க, ரூ.4,700 போச்சு: பை, டார்ட் செய்யறவங்க கவனிங்க

ஆத்திரத்துல எழுதறேன், கோர்வையா இருக்காது. மன்னார்குடியில வீட்டிலேயே ஆப்பிள் பை, மாம்பழ டார்ட், அதாவது மாவு ஓட்டுல பழத்தை வச்சு பேக் பண்ற பலகாரம், செஞ்சு கொடுக்கறேன். வெளிநாட்டுலேருந்து லீவுக்குப் பிள்ளைங்க வர்ற வீடுகள்தான் முக்கால்வாசி ஆர்டர், அதனால மே மாசம்தான் எனக்கு சீசன். அதுக்குத்தான் கும்பகோணத்துல கேக் சாமான் மொத்தமா விக்கிற ஒரு கடையில உப்பில்லாத வெண்ணெய் 10 கிலோ சொன்னேன். கிலோ 470, மொத்தம் ரூ.4,700, முழுசும் முன்பணம்.

ஏன் நம்பினேன்னு கேப்பீங்க. நேர்ல போனேங்க. கடைக்காரத் தம்பி ஒரு கட்டியைப் பிரிச்சு, கத்தி முனையில கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில வச்சான். "தேய்ச்சுப் பாருங்கக்கா, நாக்குல போட்டுப் பாருங்கக்கா"ன்னான். தேய்ச்ச உடனே உருகுச்சு, பால் மணம் வந்துச்சு. அசல் வெண்ணெய், சத்தியமா. "இதே கட்டிதான் உங்களுக்கு வரும்"னான். பணத்தை அனுப்பிட்டு வந்தேன்.

பை ஓட்டுக்கு இருக்கறதே நாலு சாமான்: மைதா, வெண்ணெய், ஐஸ் தண்ணி, உப்பு. எடையில மைதா மூணு பங்குன்னா வெண்ணெய் ரெண்டு, தண்ணி ஒண்ணு. தண்ணி பட்டதும் மைதாவுல இருக்கற குளூட்டன்ங்கற பசைப் புரதம் இழுத்துக்கும். பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் வேணும், பைக்கு அதுதான் சத்ரு. வெண்ணெய் மாவைச் சுத்திப் பூசிக்கிட்டு தண்ணியை அண்டவிடாது, அதனாலதான் ஓடு பொலபொலன்னு வருது. பட்டாணி அளவுல உருகாம நிக்கற வெண்ணெய்த் துண்டு ஓவன்ல உருகி, அதுல இருக்கற தண்ணி ஆவியாகி அடுக்கைத் தூக்கும். கத்திரி வெயில்ல நம்ம ஊர் அடுப்பங்கரையில அது நிக்கணும்னு நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து கடப்பாக்கல்லு மேல மாவு பிசையறேன். இவ்வளவு பாடும் வெண்ணெயை நம்பித்தான்.

நீடாமங்கலம் வழியா வர்ற பஸ்ல கண்டக்டர்கிட்ட தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்தனுப்பினாங்க. பிரிச்சா ஐஸ் எல்லாம் தண்ணியாக் கிடக்கு, கட்டி மட்டும் சோப்பு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. அந்த வெயில்ல வெண்ணெய் குழையாம எப்படிங்க இருக்கும்? மேல லேபிள் கிடையாது, வெறும் வெள்ளைக் காகிதம். கொஞ்சம் வாணலியில போட்டு உருக்கினேன். சடசடப்பு இல்ல, நுரை இல்ல, அடியில கசண்டு இல்ல, நெய் வாசனை மருந்துக்கும் இல்ல. மஞ்சள் எண்ணெயா நின்னுச்சு. சாயம் போட்ட வனஸ்பதி.

இதுல கொடுமை என்னன்னா, அதை வச்சுச் செஞ்சாலும் ஓடு பொலபொலன்னு நல்லாவே வரும். பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது. வாயில போட்டாத்தான் மேலண்ணத்துல மெழுகு பூசின மாதிரி ஒட்டிக்கும். வனஸ்பதியில செய்யறவங்களைக் குறை சொல்லல, அதுன்னு சொல்லி வித்தா வாங்கறவங்க வாங்கட்டும். பாதி விலைகூடப் பெறாத சரக்கை வெண்ணெய் விலைக்கு விக்கறதுதான் அயோக்கியத்தனம். வாங்கின ஆர்டரையெல்லாம் வேண்டாம்னு சொல்லி முன்பணத்தைத் திருப்பினேன்.

போன் போட்டா முதல்ல, "ஃபிரிட்ஜ்ல வச்சீங்களாக்கா?" அப்புறம், "ஓனர் திருநள்ளாறு போயிருக்கார்." மறுநாள் அக்கா போய் மேடம் வந்துடுச்சு: "மேடம், எல்லா பேக்கரிக்கும் இதான் போகுது, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல." உருக்கின வீடியோவை அனுப்பினேன். பார்த்துட்டான், பதிலைக் காணோம். பில் கேட்டா, கொடுத்திருந்த துண்டுச் சீட்டே போதும்ங்கறான். அதுல 10 x 470 = 4700ன்னு மட்டும்தான் இருக்கு, சரக்கு பேரே இல்ல. கடைசியா ஓனரே பேசினார். "அவ்வளவு சுத்தமா வேணும்னா ஊத்துக்குளிக்கே போய் வாங்கிக்குங்க." ரூ.4,700 வாங்கினவர் பேசற பேச்சா இது?

1915ங்கற நம்பருக்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிஞ்சாச்சு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்டயும் கட்டியோட போகப் போறேன். நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாதாம், அதையும் விடறதா இல்ல.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. லேபிள் இல்லாத கட்டி வாங்காதீங்க. 14 இலக்க உணவு உரிம எண் இருக்கான்னு பாருங்க. வந்த உடனே, மத்ததைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, ஒரு கரண்டி உருக்கிப் பாருங்க. சரக்கு பேர் எழுதாத சீட்டுக்குப் பணம் அனுப்பாதீங்க. மைதாவுலயும் இதே கூத்து நடக்குது, அதை அப்புறம் எழுதறேன். அந்த ஓனர் இப்பத்தான் ஆன்லைன்ல வந்திருக்கார்.