கடிவாளத்தை மாற்றும் முன் தீவன மூட்டையைப் பாருங்கள்

குதிரை வைத்திருப்பவர்களும், புதிதாக வாங்க நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போனது காசு மட்டும் என்றால் எழுதியே இருக்க மாட்டேன். ஒரு சாதுவான குதிரைக்கு முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கிக் கொடுத்தேன், அதுதான் உறுத்துகிறது.

என்னுடையது பெண் குதிரை. எட்டு வயது, எடை 400 கிலோ இருக்கும். குழந்தையை ஏற்றிவிட்டாலும் பதறாமல் நடக்கும். மேய்ச்சலும் உலர்ந்த புல்லும்தான் சாப்பாடு. தீவனம் விற்பவர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "சவாரிக்குப் போகிற குதிரைக்கு வெறும் புல்லா? விலா தெரியுது பாருங்க சார்" என்றார். விலா ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதும் எனக்கும் தெரிவது மாதிரி இருந்தது. வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது.

மூட்டையில் சீட்டு இல்லை. என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், "சொந்தக் கலவை சார், வெளியே சொல்ல மாட்டோம்." காலையில் ஒரு டின், மாலையில் ஒரு டின், புல்லைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார். மறுநாளே மாற்றினேன். குதிரையும் தொட்டியை நக்கித் துடைத்துவிட்டு நின்றது. இனிப்பு வாசனை அப்படி.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது. வேலியில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பை அசைந்ததற்கு, ஏதோ புலியைக் கண்டது போல அப்படியே திரும்பி ஓடியது. சேணத்தை எடுத்து வந்தாலே காதுகள் பின்னால் மடங்கும். வயிற்று வாரை இறுக்கப் போனால் கடிக்க வரும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்வார்களே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. இரவில் லாயத்து மரச்சட்டத்தைக் கொறித்துக் கொறித்து ஒரு பக்கமே தேய்ந்திருந்தது.

தீவனக்காரரிடம் சொன்னேன். "புரதம் ஏறிடுச்சு, உடம்பு சூடு. பழகினா அடங்கிடும்" என்று சொல்லி, அமைதிப்படுத்தும் பொடி என்று ஒரு டப்பாவையும் என் தலையில் கட்டினார். அதிலும் சீட்டு கிடையாது. பயிற்சி கொடுப்பவரோ, "கடுமையான கடிவாளம் போடுங்கள், திமிர் பிடித்திருக்கிறது" என்றார். போட்டேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் வந்த கால்நடை மருத்துவர் குதிரையைத் தொடுவதற்கு முன்னால் மூட்டையைக் கேட்டார். கொஞ்சம் அள்ளி ஒரு விரிப்பில் கொட்டி விரலால் ஒதுக்கினார். உடைத்த மக்காச்சோளம், பார்லி, தவிடு, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்த மொலாசஸ் என்ற கருப்புச் சர்க்கரைப் பாகு. அப்புறம் அந்த டின்னைத் தராசில் வைத்தார். இரண்டரை கிலோ. அதில் பாதிதான் மாவுச்சத்து என்று வைத்தாலே ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிலோ ஆகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்துக்கு மேல் ஒரு வேளையில் போகாமல் இருப்பது நல்லது என்றார். என் குதிரைக்கு 400 கிராம். நான் கொடுத்தது மூன்று மடங்கு. டின்னால் அளப்பதிலேயே தப்பு இருக்கிறது. அதே டின்னில் ஓட்ஸ் நிரப்பினால் எடை குறைவு, மக்காச்சோளம் நிரப்பினால் அதிகம். மாவுச்சத்தும் மக்காச்சோளத்தில்தான் கூடுதல்.

புரதக் கதை வெறும் கதை. குதிரையைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவு பெருங்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கும், அமிலம் கூடும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அந்த வழியில் வரலாம். இன்னொன்று எனக்குத் தெரியவே தெரியாது: குதிரையின் இரைப்பை சாப்பிடாத நேரத்திலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சில் ஊறுவது மெல்லும்போது மட்டும். புல்லைப் பாதியாக்கிய அன்றே மெல்லும் நேரத்தையும் பாதியாக்கிவிட்டேன். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண்கள் இருந்தன. வாரை இறுக்கியதும் கடிக்க வந்தது வலி பொறுக்காமல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பித்திருக்கிறோம். சீட்டில்லாத கலவையை, மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் கலக்கும் அதே இயந்திரத்தில் கலந்திருந்தால்? அவற்றில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. மாடு தாங்கும். குதிரைக்கு அது இதயத் தசையையே அழித்துவிடும், கொஞ்சம் போதும். அதனால்தான் "மாட்டுத் தீவனம்தானே, ஒரு கை போட்டால் என்ன" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கலவையை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். புல்லை நாளெல்லாம் கிடைக்கிற மாதிரி வலைப்பையில் தொங்கவிட்டேன். ஈரத்தைக் கழித்த கணக்கில் உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம், அதாவது ஆறு கிலோ, கட்டாயம் உள்ளே போக வேண்டும். புண்ணுக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மருந்து சில வாரம் போனது. பழைய கடிவாளமே திரும்பி வந்தது. மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தீவனக்காரர் என்னைத்தான் குறை சொன்னார்: "நீங்க சவாரி போதுமான அளவு செய்யலை சார்."

பிளாஸ்டிக் பைகளை இப்போது நின்று பார்த்துவிட்டுக் கடந்துபோகிறது. வாரை இறுக்கும்போது மட்டும் இன்னும் ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறது. இரண்டு துளை தளர்த்திப் பூட்டி, கையில் பிடித்து ஒரு சுற்று நடத்தி, அப்புறம்தான் இறுக்குகிறேன்.