பழைய இதழ்களுக்கான ஓர் இணையக் காப்பகம்: ஆறு மாதச் சந்தாவுக்குப் பிறகு

துருக்கி, அரபு, பாரசீக மொழிகளின் தொடக்ககால இதழ்களைப் பக்கம் பக்கமாக ஒளிநகல் எடுத்து வைத்திருக்கும் ஓர் இணையக் காப்பகத்தை ஆறு மாதம் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். இம்மொழிகளின் இலக்கிய வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். ஆனால், அதன் தேடல் வசதியை நம்பிச் சேர வேண்டாம்.

கதையை மட்டும் வெட்டித் தராமல் முழு இதழையும் தருவதுதான் இதன் பெருஞ்சிறப்பு. 1870இல் பெய்ரூத்தில் புத்ருஸ் அல்-புஸ்தானி தொடங்கிய ‘அல்-ஜினான்’ இதழில் அவருடைய மகன் சலீம் தொடர் நாவல் எழுதினார். அதே இதழில் அரசியல் கட்டுரைகளையும் அவரே எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, புதிய அரபு உரைநடை எந்தப் பட்டறையில் உருவானது என்பது கண்முன்னே தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1907இல் தெஹ்ரானில் தொடங்கிய ‘சூர்-எ இஸ்ராஃபீல்’ என்ற பாரசீக இதழ். அதில் எழுத்தாளர் தெஹ்கொதா எழுதிய ‘சரந்த் ஓ பரந்த்’ என்ற பத்தி, அபின் பழக்கத்தை விடுவதற்கு வழி சொல்வதாகத் தொடங்குகிறது: அபினைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதற்குப் பதிலாக, அபினிலிருந்தே எடுக்கப்படும் மார்பினைக் கூட்ட வேண்டுமாம். பேச்சு அப்படியே ரொட்டி மாவுக் கலப்படத்துக்குத் தாவி, ஆட்சியாளர்களைச் சுடுகிறது. அரண்மனை நடையில் ஊறியிருந்த பாரசீகத்துக்குள் தெருப்பேச்சு இவ்வளவு துணிவாக நுழைந்ததை இதழின் தாளிலேயே பார்ப்பது பெரும் பேறு.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பாரசீக விசைப்பலகையின் காஃப் எழுத்தும் அரபு விசைப்பலகையின் காஃப் எழுத்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தாலும், கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். காப்பகம் இதைக் கவனிக்காததால், இருக்கிற சொல்லையே ‘இல்லை’ என்கிறது. ஆண்டுக் கணக்கிலும் குழப்பம் உண்டு. ஹிஜ்ரி 1325 என்பது பெரும்பாலும் 1907. உஸ்மானிய அரசின் ரூமி நாட்காட்டியில் அதே 1325 என்பது 1909. பட்டியல் தயாரித்தவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டதால், துருக்கி இதழ்கள் சில, உண்மையில் வெளிவந்த காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையவையாகக் காட்டப்படுகின்றன. சுட்டிக்காட்டி இருமுறை கடிதம் எழுதினேன், இன்னும் திருத்தப்படவில்லை.

1908இல் ஈரான் மன்னர் முகம்மது அலி ஷா நாடாளுமன்றத்தைக் குண்டுவீசித் தகர்த்து, ‘சூர்-எ இஸ்ராஃபீல்’ ஆசிரியர் மிர்சா ஜஹாங்கீர் கானைக் கொன்றபின், தெஹ்கொதா சுவிட்சர்லாந்தின் இவெர்தோனிலிருந்து மேலும் மூன்று இதழ்களைக் கொண்டுவந்தார். காப்பகம் அவற்றைத் தெஹ்ரான் இதழ்களோடு சேர்க்காமல் வேறொரு தலைப்பில் வைத்திருக்கிறது. தேடலில் அகப்படாமல், பட்டியலை வரிவரியாகப் புரட்டித்தான் கண்டெடுத்தேன். கொல்லப்பட்ட நண்பருக்காக அவர் பாடிய இரங்கற்பா, ‘அணைந்த விளக்கை நினைவில் கொள்’ என்ற அதன் ஈற்றடியோடு, அங்கேதான் இருக்கிறது.