சிறு ஐடி நிறுவனத்தின் அரசு ஒப்பந்த வரலாறு: யுஎஸ்ஏஸ்பெண்டிங்கைப் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

சப்கான்ட்ராக்ட் வேலைக்கு எந்தச் சிறு ஐடி நிறுவனம் கூப்பிட்டாலும், கையெழுத்துப் போடும் முன் அமெரிக்க அரசின் செலவுக் கணக்கைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் இணையதளத்தில் அதன் கணக்கைப் பார்த்துவிடுவேன். 2006-இல் வந்த சட்டப்படி, அமெரிக்க ஃபெடரல் அரசு தன் ஒப்பந்தச் செலவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். பணம் கட்ட வேண்டாம், லாகின்கூட வேண்டாம். வரிப்பணம் எங்கே போகிறது என்று யாரும் பார்க்க முடிவதே பெரிய விஷயம்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம். எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட யுஇஐ எண்ணை, அதாவது நிறுவனத்தின் தனி அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரலில் வந்தது இது. அதைத் தரத் தயங்கும் நிறுவனத்தோடு நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

அப்புறம் தொகை. ஒப்பந்தப் பக்கத்தில் உண்மையில் ஒதுக்கிய பணமும் இருக்கும், எல்லா ஆப்ஷனையும் (ஒப்பந்தத்தை நீட்டிக்கும் வாய்ப்பை) அரசு எடுத்தால் எட்டக்கூடிய உச்ச மதிப்பும் இருக்கும். நிறுவனங்கள் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் உச்ச மதிப்பைத்தான். நான் நம்புவது ஒதுக்கிய பணத்தை.

ஆனால் விஷயமே அதற்குக் கீழே, பரிவர்த்தனை வரலாற்றில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் பி00001, பி00002 என்று வரிசையாக வரும். முதலில் ஒரு வருடம், பிறகு நான்கு ஆப்ஷன் வருடங்கள் என்பது வழக்கமான அமைப்பு. ஆப்ஷனை எடுப்பதும் விடுவதும் அரசின் இஷ்டம். அதனால் 'எக்ஸர்சைஸ் அன் ஆப்ஷன்' என்ற வரி வருடம் தவறாமல் வந்திருந்தால், வேலை வாங்கிய அலுவலகத்துக்குப் பெரிய மனக்குறை இல்லை என்று எடுத்துக்கொள்வேன். ஒப்பந்ததாரரின் வேலையை மதிப்பிடும் சிபார்ஸ் என்ற அமைப்பில் அரசு அதிகாரிகள் போடும் மதிப்பெண்ணை வெளியாட்கள் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பதில் அதற்கு ஓரளவு ஈடு இந்த வரிதான்.

மைனஸ் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரும்பாலும் வேலை முடிந்து மிச்சப் பணத்தைத் திரும்ப எடுத்திருப்பார்கள். 'கன்வீனியன்ஸ்' என்று, அதாவது அரசு தன் வசதிக்காக ஒப்பந்தத்தை நிறுத்தியிருந்தாலும் நிறுவனத்தின் மேல் தப்பு இருக்க வேண்டியதில்லை. 2025-இல் அப்படி ஏராளமான ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. 'டிஃபால்ட்' (நிறுவனம் சொன்னபடி செய்யாததால் நிறுத்தியது) என்றிருந்தால் மட்டும் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

பின்தங்கிய நிலையில் உள்ளவர்களின் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களில் சலுகை தரும் எட்டு-ஏ திட்டத்தில் இருந்த நிறுவனமா? அந்தச் சலுகை 9 வருடம்தான். அது முடிந்த பிறகு போட்டியில் ஜெயித்த ஒப்பந்தம் உண்டா என்று பாருங்கள்.

குறைகளும் உண்டு. பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்கள் 90 நாள் தாமதமாகத்தான் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை வருத்துவது சப்கான்ட்ராக்ட் விவரம். அதைப் பதிவு செய்ய வேண்டியது அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட பிரைம் நிறுவனம். அது விட்டுவிட்டால், வருடக்கணக்கில் உழைத்த சிறு நிறுவனத்தின் பக்கம் காலியாகக் கிடக்கும். அப்படிப் பதிவில் விடுபட்ட நல்ல நிறுவனங்களை எனக்குத் தெரியும். பக்கம் காலியாக இருந்தால் பிரைமின் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தின் காலமும் வேலை விவரமும் அவர்கள் சொல்வதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.