லண்டன் பஸ்ஸின் மேல்தட்டு, முன் இருக்கை

போன கிழமை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி இருந்தபோது, நெல்லியடியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து இருந்தாள். செப்டெம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். போனைத் திறந்து, நிலத்துக்குக் கீழே ஓடும் ரியூப் ரயிலின் வரைபடத்தைக் காட்டினாள். “அண்ணை, இதைப் பாடமாக்கிக்கொண்டு போனால் காணுமோ?”

காணாது என்றேன். நெல்லியடி போய்ச் சேரும் வரை அவளுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். 2023 செப்டெம்பர் தொடங்கி ஒரு வருடம் கிழக்கு லண்டனில் முதுமாணிப் பட்டம் படித்தேன். அந்த வருடத்தில் நான் காசு கொடுத்து வாங்கியவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 1.75 பவுண்ஸ் பஸ் பயணம்.

முதல் இரண்டு மாதம் நானும் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழேதான் திரிந்தேன். ஓரிடத்தில் படியிறங்கினால் சுரங்கமும் சூடான காற்றும். இன்னோரிடத்தில் ஏறி வந்தால் வெளிச்சம். நடுவில் என்ன ஊர், யார் இருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. ஒருநாள் லெஸ்டர் ஸ்குவயரில் இருந்து கொவென்ட் கார்டனுக்கு ரியூப் எடுத்தேன். கீழே இறங்கி, நடந்து, காத்து நின்று, லிஃப்டில் மேலே வர வரிசையில் நின்று, பத்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையில் தண்டவாளத் தூரம் 260 மீற்றர்தான் என்று பிறகுதான் அறிந்தேன். நல்லூர்க் கோயில் வெளிவீதியை ஒரு சுற்று வரும் தூரம்கூட இல்லை. அன்றைக்குத்தான் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு பஸ்ஸுக்கு மாறினேன்.

பஸ்ஸில் 2014 யூலையில் இருந்து கைக்காசு வாங்குவதில்லை. இது தெரியாமல், வந்து இரண்டாம் நாள் இருபது பவுண்ஸ் தாளை நீட்டிக்கொண்டு ஏறினேன். சாரதி தலையை ஆட்டினார். பின்னால் மரக்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா, தன்னிடம் மேலதிகமாக இருந்த ஒய்ஸ்டர் கார்டை (பயணத்துக்குக் காசு ஏற்றி வைக்கும் கார்ட்) கருவியில் தட்டிவிட்டு, “உள்ளுக்குப் போங்கோ தம்பி” என்றார். எந்த ஊர் என்று கேட்டார். கோண்டாவில் என்றேன். அவர் இணுவில். காசைக் கடைசி வரை வாங்கவில்லை. அன்று பின்னேரமே 7 பவுண்ஸுக்கு ஓர் ஒய்ஸ்டர் கார்ட் வாங்கினேன். வங்கிக் கார்ட்டையோ போனையோ தட்டினாலும் ஏற்கும். ஆனால் ஊர் வங்கிக் கார்ட் என்றால் ஒவ்வொரு தட்டலுக்கும் வெளிநாட்டுக் கட்டணம் கழியக்கூடும், கவனம். கார்டையும் போனையும் மாறி மாறித் தட்டவும் வேண்டாம்; அவை இரண்டையும் இரண்டு ஆளாகவே கணக்கெடுக்கும்.

இனி இந்தச் சேவையின் மிக நல்ல விதிக்கு வருகிறேன். முதல் பஸ்ஸில் தட்டியதில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே ஒரு கட்டணம்தான்; நான் இருந்த காலத்தில் 1.75. ஹொப்பர் கட்டணம் என்று பெயர். 2016 இல் ஒரே ஒரு மாற்றத்துக்கு என்று தொடங்கியதை, 2018 இல் எத்தனை தடவையும் மாறலாம் என்று ஆக்கினார்கள். பார்க்க வேண்டியது கடைசி பஸ்ஸில் ஏறுகிற நேரத்தைத்தான். 59 ஆவது நிமிடத்தில் தட்டி ஏறிவிட்டால், அது போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. நான் இருந்த காலத்தில் நாள் முழுக்க பஸ்ஸில் திரிந்தாலும் 5.25 பவுண்ஸுக்கு மேல் கழியாது; திங்கள் தொடங்கி ஞாயிறு வரை 24.70. படிக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம் என்றிருந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை விட்டு வெளிக்கிட வைத்தது இந்தக் கணக்குத்தான்.

என்னுடைய பஸ் 25. இல்ஃபோர்டில் இருந்து ‘சிற்றி’ என்கிற லண்டனின் பழைய நடுப்பகுதி வரை போகும், இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடும். நான் மனோர் பார்க்கில் இருந்தேன், படிப்பு மைல் எண்ட் பக்கம். மேல்தட்டில், முன்கண்ணாடிக்கு நேரே இருக்கும் இருக்கையில் இடதுபக்கம் இருக்க வேண்டும். கார்த்திகை மாதக் காலையில் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்திருக்கும். ஜாக்கெற் கையால் ஒரு வட்டம் துடைப்பேன்; அந்த வட்டத்துக்குள்தான் லண்டன் வரும். மரக்கிளைகள் கூரையில் உரசும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். கடைகளின் பெயர்ப்பலகைக்கு மேலே, கீழே நடப்பவர்களுக்குத் தெரியாத இரண்டாம் மாடி யன்னல்கள்: ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் துளசிச் சாடி, ஒன்றில் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது. போ பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் தெருவின் நட்டநடுவில் நிற்கும், வாகனங்கள் இரண்டு பக்கத்தாலும் பிரிந்து போகும். ரயிலில் போனவர்களுக்கு ‘போ சேர்ச்’ ஒரு நிலையத்தின் பெயர் மட்டும்.

வைற்சப்பலில் கட்டாயம் இறங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதிரே தெருவோரச் சந்தை. வங்காளிகள் கீரைக்கட்டும் மீனும் கூவி விற்பார்கள். திருநெல்வேலிச் சந்தைக்குள் நிற்பது போலவே இருக்கும். நிலைய வாசலில் ஆங்கிலத்தோடு வங்காள எழுத்திலும் பெயர் எழுதியிருக்கிறது, 2022 இல் வைத்தது. பெயர்ப்பலகையில் தன் மொழி இருப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பலகைக்குக் கீழே நான் கொஞ்சநேரம் நின்றேன்.

ஓல்ட்கேற்றில் 15 க்கு மாறினால் அதுதான் ஊர்பார்க்கும் பஸ். லண்டன் கோபுரத்தைக் கடந்து கனன் ஸ்றீற்றால் மேற்கே போகும்போது சென் போல்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் கட்டடங்களுக்கு இடையில் ஒருதரம் தெரியும், மறையும். பிறகு கண்ணாடி நிறைய வந்து நிற்கும். 1666 பெருந்தீயில் பழையது எரிந்த பிறகு கிறிஸ்ரோபர் ரென் கட்டியது, 111 மீற்றர் உயரம். சுற்றுலா பஸ்காரர்கள் இதே தெருக்களைக் காட்டப் பல மடங்கு காசு வாங்குகிறார்கள். ட்ரஃபால்கர் ஸ்குவயரில் இறங்கி நாஷனல் கலரிக்குள் போகலாம், இலவசம்.

இன்னொரு ஞாயிறு, பாங்க் சந்தியில் 8 க்கு மாறி ஹொல்பனில் இறங்கி, பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நடந்து போங்கள். அதுவும் இலவசம். 33 ஆம் அறையில் தாரா என்ற பௌத்தத் தேவியின் சிலை நிற்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த பிரவுன்றிக் கொண்டுபோய், 1830 இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். என் நெஞ்சளவு உயரம். வலது உள்ளங்கை நம்மைப் பார்த்து விரிந்திருக்கும், விரல்கள் கீழ்நோக்கி. அந்தக் கைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கிழக்குக் கரையில் இருக்க வேண்டியவள், மழைபெய்யும் இந்த ஊரில் தனியே நிற்கிறாள். திரும்பிவரும் பஸ்ஸில் யாரோடும் கதைக்க மனம் வரவில்லை.

குறை என்றால் வேகம்தான். பின்னேரம் ஐந்து மணி நெரிசலில் 25 ஊர்ந்துதான் வரும். மனோர் பார்க்கில் இருந்து லிவர்பூல் ஸ்றீற்றுக்கு எலிசபெத் ரயில் இருபது நிமிடத்துக்குள் போகும். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்தையே ஒதுக்க வேண்டும். பரீட்சை நாளில் பஸ்ஸை நம்ப வேண்டாம். சூட்கேஸோடு விமான நிலையம் போகும் நாளிலும் வேண்டாம். மேல்தட்டில் படியேறும்போது பஸ் வெளிக்கிட்டுவிடும், கைபிடியை விடாதீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொம்ஃபோர்ட் ரோட்டில் இறங்கி மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, 101 இல் ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவுக்குப் போய் ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வர, இதைவிட நல்ல வாகனம் கிடையாது. அதற்கும் அந்த ஒரு கட்டணம் காணும், ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப ஏறினால்.

நெல்லியடி வந்துவிட்டது. அவள் இறங்க எழும்பினாள். “அண்ணை, எல்லாம் மறந்துபோடுவன், எழுதித் தாங்கோ” என்றாள். கையில் வேறு கடதாசி இல்லை. ரிக்கற்றின் பின்பக்கத்தில் கொண்டக்டர் அவளுக்குக் கொடுக்க வேண்டிய மிச்சம் 20 என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 25, 15, 8, 101 என்று எழுதிக் கொடுத்தேன்.